பெட்டியா, பார்சலா, கப்பலா?

காரைக்குடி வட்டாரத்தில் கல்யாணம் என்றாலும் வீடு புதுப்பிப்பது என்றாலும், சிங்கப்பூர், கோலாலம்பூர் சொந்தங்களுக்கு ஒரு பட்டியல் போய்விடும். அமராவதிபுதூர் வீடுகளிலும் அதே கதைதான். வெளிநாட்டில் என்ன விலை என்று பத்துக் கடை விசாரிப்பவர்கள், சாமான் எந்த வழியில் வரப்போகிறது என்று கேட்பதில்லை. காசு கரைவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

சின்னதாகவும் விலை கூடியதாகவும் இருந்தால் வருகிறவர் கையோடு கொண்டுவருவதே லாபம். திருச்சி விமான நிலையம் நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 2016 பேக்கேஜ் விதிகளில் ரூ.50,000 வரை வரி இல்லாமல் இருந்தது. 2026 பிப்ரவரியில் அது ரூ.75,000 ஆனது. பதினெட்டு வயது நிரம்பியவருக்கு ஒரு லேப்டாப் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் கணவன், மனைவி இருவர் சலுகையையும் கூட்டி ஒன்றரை லட்சத்துக்கு ஒரே பொருள் என்று வாதாட முடியாது. தட்டைத் திரை டிவிக்கு இருந்த சலுகை 2013 ஆகஸ்ட் 26-லேயே போய்விட்டது.

ஆள் வரவில்லை, சாமான் மட்டும் வருகிறது என்றால்? ‘கிஃப்ட்’ என்று எழுதி அனுப்பச் சொல்வது இன்னும் பலருக்குப் பழக்கம். அந்தக் கதவு 2019 டிசம்பர் 12-இல் அடைபட்டது. தபாலிலோ கூரியரிலோ வரும் பரிசுக்கு வரிவிலக்கு இல்லை. ராக்கிக் கயிறும் உயிர் காக்கும் மருந்தும் மட்டும் விதிவிலக்கு. தீபாவளிப் புடவைக்கு முழு வரிதான். விலையைக் குறைத்து எழுதச் சொல்வது அதைவிட மோசம்: பிடிபட்டால் அபராதம், பறிமுதல்.

கூரியர்காரர் தராசை மட்டும் நம்புவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார். விமான கார்கோவில் 6,000-ஆல். 50, 50, 60 அளவுள்ள பெட்டிக்குள் ஏழு கிலோ விளக்கு நிழற்குடைகள் இருக்கின்றன என்று வையுங்கள். கூரியரில் அது 30 கிலோ, விமான கார்கோவில் 25 கிலோ. அதே பெட்டி கப்பலில் கன மீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பஞ்சு, விளக்கு, பிளாஸ்டிக் மாதிரி இடத்தை அடைக்கிற சாமானைக் கூரியரில் போடுவது காற்றுக்குக் கூலி கொடுப்பதுதான்.

அதற்காகக் கப்பலை முழுசாகப் புகழவும் முடியாது. பலருடைய சரக்கோடு சேர்த்து ஒரே கன்டெய்னரில் வந்தால் கடல் வாடகை அடிமாட்டு விலையில் தெரியும். தூத்துக்குடியிலோ சென்னையிலோ இறங்கிய பிறகு டெலிவரி ஆர்டர் கட்டணம், கிடங்குக் கூலி, கஸ்டம்ஸ் ஏஜென்ட் கூலி என்று வரிசையாக வரும். காகிதம் தாமதமானால் கிடங்கு வாடகை நாள் கணக்கில் ஓடும். எனவே ஏஜென்டிடம் கேட்க வேண்டியது வாடகை அல்ல, வீட்டு வாசல்வரைக்குமான மொத்தத் தொகை. பயணி விமானத்தில் வந்துவிட்டு, பெட்டியைப் பின்னால் கப்பலில் அனுப்பினால் அந்த ரூ.75,000 சலுகை அதற்குக் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதிகம் பேர் கவனிக்காத இடம் பில். வரி பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. விலை, சரக்குக் கூலி, இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டியே கணக்கு. கூலி எவ்வளவு என்று தெரியாவிட்டால் விலையில் 20 சதவீதம், இன்சூரன்ஸ் தெரியாவிட்டால் 1.125 சதவீதம் என்று கஸ்டம்ஸே வைத்துக்கொள்ளும். பத்தாயிரம் ரூபாய்ச் சாமானுக்குக் கப்பல் கூலி எண்ணூறுதான் ஆனது, ஆனால் காகிதத்தில் இல்லை என்றால், 2,000 என்று எடுத்துக்கொண்டு அதன் மேலும் வரி. விமானத்தில் வந்தால் கூலி எவ்வளவு ஆனாலும் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது ஒரு ஆறுதல். அடிப்படை வரி, அதில் பத்து சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, இவற்றையும் கூட்டிய தொகையின் மேல் ஐஜிஎஸ்டி. கடை வைத்து ஜிஎஸ்டி பதிவு செய்தவர், வியாபாரத்துக்கான சரக்கென்றால் ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வாங்குபவருக்கு அந்த வசதி இல்லை.

பழைய நிலைக்கதவு மாதிரி பர்மாத் தேக்கே வேண்டும் என்பவருக்கு எந்த வழியும் சுலபமில்லை. 1937 ஏப்ரல் வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணமாக இருந்தது; செட்டிநாட்டு வீடுகளுக்கு அதுவரை வந்த தேக்கு வெளிநாட்டுச் சரக்கே அல்ல. இன்றோ மியான்மர், உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. இடிக்கப்பட்ட வீடுகளின் தூணும் உத்திரமும் விற்கும் காரைக்குடிக் கடைகளில் விசாரிப்பது கையைக் கடிக்காது.

கடைசியாக நகை. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் வரை வரி இல்லை. முன்பு இதோடு ரூ.1 லட்சம், ரூ.50,000 என்ற மதிப்பு வரம்பும் இருந்தது. தங்கம் ஏறிய ஏற்றத்தில் ஐந்து பவுன் சலுகை காகிதத்தில்தான் இருந்தது. 2026 விதிகள் மதிப்பு வரம்பை எடுத்துவிட்டன. இங்கிருந்து கல்யாணத்துக்கு நகை போட்டுக்கொண்டு பினாங்கு போகிறவர்கள், புறப்படும்போதே விமான நிலையக் கஸ்டம்ஸில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட வேண்டும். திரும்பும்போது அது நம் நகைதான் என்று காட்ட அந்தச் சான்று போதும்.