ஒட்டுப்பாலும் பணமே
குடும்பச் செலவைச் சிக்கனமாக நடத்துவது எப்படி?

மங்கிலிருந்து பாலை ஊற்றியெடுத்த பின் அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒட்டுப்பாலையும், வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடக்கும் கோட்டுப்பாலையும் எந்தப் பால்மரத் தொழிலாளியும் வீசி எறிவதில்லை. அவற்றை உரித்துச் சாக்கில் சேர்த்து, நிறுத்துக் காசாக்குகிறார். மரத்தடியில் இத்துணைக் கவனமாக இருக்கும் நாம், வீட்டிற்குள் காசு எந்த வழியாகக் கசிகிறது என்று பார்க்கின்றோமா? இம்மாதப் பாடம் அதைப் பற்றியதாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. வளரும் பிள்ளைக்கு வேண்டிய பாலையும் முட்டையையும் குறைப்பது சிக்கனம் ஆகாது. தேவைக்குத் தயங்காமல் செலவிட்டு, வீணை மட்டும் தவிர்ப்பதே சிக்கனம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னதன் பொருளும் இதுவே.

நாம் கண்ட ஒரு குடும்பம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். அங்கு கணவனும் மனைவியும் பால் வெட்டும் ஒரு குடும்பத்தில், மூத்த மகளுக்குத் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சேர்க்கைக் கட்டணத்திற்கும் வழிச்செலவிற்கும் 600 ரிங்கிட் வேண்டும். வீட்டில் அப்பணம் இல்லை. கடைக்காரரின் 555 புத்தகத்திலோ 740 ரிங்கிட் பாக்கி நின்றது.

“நாங்கள் வீணாக எதுவும் வாங்கியதில்லையே, ஐயா!” என்றார் அந்தத் தாய். அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தை மகளிடமே கொடுத்து, ஒரு மாதத்துப் பற்றைக் கூட்டச் சொன்னோம். சிகரெட், புட்டிப் பானம், பாக்கெட்டுத் தின்பண்டம், கைத்தொலைபேசிக்கு அடிக்கடி போட்ட தொகை ஆகியவை மட்டும் 212 ரிங்கிட் ஆயின. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சிறு தொகைதான். அவற்றை ஒருவரும் கூட்டிப் பார்த்ததில்லை. குறை அங்கேதான் இருந்தது.

அந்தப் பெண் கல்லூரிக்குப் போனாள். ஆனால், தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போன பிறகே அவள் போனாள்.

வரவை அறிந்து செலவை வகுத்தல்

2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து, ஐவர் அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்களில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆயிற்று. இதில் ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளியின் பங்காக 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் போனால், மீதி 1,513 ரிங்கிட். சொக்சோ முதலிய சிறு பிடிப்புகளும் உண்டு. ஆகவே, செலவைத் திட்டமிடும்போது சம்பளச் சீட்டின் மேல் வரியைப் பாராமல், கடைசி வரியைப் பார்க்க வேண்டும்.

மழை பெய்தால் வெட்டு இல்லை. மரம் இலையுதிர்க்கும் காலத்தில் பால் குறைகிறது. அதிகப் பாலுக்கும் கூடுதல் வேலைக்கும் கிடைக்கும் பணம் எல்லா மாதமும் ஒரே அளவில் வருவதன்று. எனவே, நல்ல மாதத்தின் வருமானத்தை வைத்துக் குடும்பச் செலவை வகுத்தால், மழை மாதத்தில் கடன்தான் மிஞ்சும். குறைந்த வருமானம் வரும் மாதத்தை அளவாகக் கொள்க. நல்ல மாதத்தில் மிகுவதை மழை மாதத்திற்காக ஒதுக்கி வைக்க.

கணக்கு எழுதும் பழக்கம்

ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்துத் தேதி, பொருள், தொகை என எழுதுக. எழுதும் பொறுப்பை மேல் வகுப்பில் படிக்கும் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். பிள்ளைக்குக் கணக்கும் வரும், குடும்பப் பொறுப்பும் வரும். சம்பள நாளன்று கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து கூட்டிப் பார்க்க வேண்டும். ஒருவர் மற்றவரைக் குற்றம் சாட்டுவதற்காக அன்று. இருவரும் அறிந்து நடப்பதற்காக. நாளொன்றுக்கு 3 ரிங்கிட் வீணானால் மாதத்திற்கு 90 ரிங்கிட், ஆண்டிற்கு 1,095 ரிங்கிட் என்பதைக் கணக்குப் புத்தகம் மட்டுமே நமக்குக் காட்டும்.

கடனும் தவணையும்

உளி ஆழமாகப் பாய்ந்தால் அன்று சிறிது பால் கூடுதலாக வரலாம். ஆனால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னர் அந்த இடத்தில் செம்மையாக வெட்ட இயலாது. கடனும் அத்தகையதே.

ஒரு குளிர்சாதனப் பெட்டியின் ரொக்க விலை 1,200 ரிங்கிட் என்று கொள்வோம். மாதம் 85 ரிங்கிட் வீதம் 24 மாதத் தவணையில் வாங்கினால், கொடுக்கும் தொகை 2,040 ரிங்கிட். அதே 85 ரிங்கிட்டை மாதந்தோறும் சேர்த்து வந்தால், 15 மாதங்களில் 1,275 ரிங்கிட் ஆகிவிடும். 15 மாதம் பொறுத்தவருக்கு 840 ரிங்கிட் மிச்சம்.

வட்டிக்கு வாங்குவதில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 1951 ஆம் ஆண்டு வட்டிக்கடைக்காரர் சட்டத்தின்படி, ஈடில்லாக் கடனுக்கு உரிமம் பெற்றவர் வாங்கத்தக்க வட்டி ஆண்டிற்கு 18 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது. 1,000 ரிங்கிட்டிற்கு அது 180 ரிங்கிட். உரிமமில்லாத ‘ஆலோங்’ மாதம் 10 விழுக்காடு கேட்டால், ஆண்டிற்கு 1,200 ரிங்கிட் வட்டி கட்டியும் முதல் அப்படியே நிற்கும். வங்கி அட்டையையும் அடையாள அட்டையையும் எவரிடமும் ஈடாகக் கொடுக்க வேண்டா. கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதும் 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டதாகும். கூட்டுப் பிடித்தவர் ஓடிவிட்டால் இழந்த பணத்தை மீட்பது அரிது.

கடையும் அடுப்படியும்

பட்டியல் எழுதாமல் கடைக்குப் போகலாகாது. அரிசி, பருப்பு, எண்ணெய், சவர்க்காரம் போன்றவற்றைச் சிறு பாக்கெட்டுகளாக வாங்குவதைவிட, மாதத்திற்கு ஒரு முறை பெரிய அளவில் ரொக்கத்திற்கு வாங்குவது பெரும்பாலும் மலிவு. கிலோ ஒன்றுக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். பக்கத்து வீட்டார் இரண்டு மூன்று குடும்பத்தினர் ஒரே வண்டியில் பட்டணம் சென்று வந்தால், வண்டிக் கூலியும் பங்காகிவிடும்.

பருப்பையும் கடலையையும் முன்னிரவே ஊற வைத்தால் விரைவில் வேகும். பானையை மூடிச் சமைத்தால் எரிவாயு மிஞ்சும். காலையில் ஒரே முறை நீரைக் காய்ச்சிப் பிளாஸ்கில் ஊற்றி வைத்தால், தேநீருக்காக அடுப்பை மீண்டும் மீண்டும் மூட்ட வேண்டியதில்லை.

நிர்வாகத்தின் அனுமதியோடு வீட்டின் பின்புறத்தில் சிறு தோட்டம் போடலாம். முருங்கையும் மரவள்ளியும் கம்பை நட்டாலே துளிர்க்கும். கீரை சில வாரங்களில் பறிப்புக்கு வந்துவிடும். கறிவேப்பிலை, மிளகாய், வெண்டை, கத்தரி ஆகியவற்றுக்கு அரிசி கழுவிய நீரையும் ஊற்றலாம். காய்கறிச் செலவு குறைவதோடு, மருந்து தெளிக்காத காய் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

விளக்கு, மருந்து, பள்ளி

60 வாட் குண்டு விளக்கு நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால் மாதத்திற்கு 9 யூனிட் மின்சாரம் செலவாகும். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்கிற்கு ஒன்றரை யூனிட்டும் ஆகாது.

நோய் வந்தால் முதலில் அரசாங்கச் சிகிச்சையகத்தை நாடுக. குடிமக்களுக்கு அங்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட்தான். பள்ளிப் பாடநூல்களை இரவலாக வழங்கும் திட்டம் 1975 முதல் நடந்து வருகிறது. பிள்ளைகள் அந்நூல்களுக்கு அட்டையிட்டுப் பேணட்டும். தீபாவளிச் செலவு 600 ரிங்கிட் என்றால், அதனைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 50 ரிங்கிட் ஒதுக்குக. பண்டிகை முடிந்த மறுநாள் கடன்காரர் வாசலுக்கு வரமாட்டார்.

மிச்சம் எங்கே போக வேண்டும்?

மிச்சப்பட்ட பணம் அலமாரியில் கிடந்தால் மீண்டும் செலவாகிவிடும். சம்பள நாளிலேயே ஒரு தொகையைச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு, எஞ்சியதைக் கொண்டு குடும்பம் நடத்துவதே முறை. 1960 ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, துண்டாடப்பட்டு வந்த தோட்டங்களை வாங்கும் பொருட்டு, தோட்டத் தொழிலாளர்கள் சிறு சிறு தொகையாகவே பங்குப் பணம் செலுத்தினர். அந்தப் பணம் சேர்ந்தே தோட்டங்கள் வாங்கப்பட்டன. நம் தாத்தா பாட்டிமார் செய்து காட்டியது நம்மால் இயலாதா?

மேலே சொன்ன குடும்பத்தினர் 212 ரிங்கிட் செலவில் மாதம் 140 ரிங்கிட்டைக் குறைத்தனர். ஐந்தாம் மாதம் வட்டியோடு பணத்தைக் கட்டிச் சங்கிலியை மீட்டனர். கடை பாக்கியும் அதன் பின் மெல்ல மெல்லக் கரைந்தது. விடுமுறைக்கு வந்த மகள் முதலில் கேட்டது அந்தக் கணக்குப் புத்தகத்தைத்தானாம்.

பயிற்சி (குடும்பத்தோடு அமர்ந்து செய்க)

1. சென்ற மாதம் கடையில் பற்று வைத்த தொகை எவ்வளவு? அதில் தேவை எவ்வளவு, ஆசை எவ்வளவு?
2. உங்கள் வீட்டில் தவணையில் வாங்கிய பொருள் ஒன்றின் மொத்த விலையைக் கூட்டுக. ரொக்க விலையைக் கழித்தால் வருவது என்ன?
3. நாளொன்றுக்குக் குறைக்கக்கூடிய செலவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனை 365 ஆல் பெருக்குக. அத்தொகையைக் கொண்டு உங்கள் பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்பதை அதன் கீழே எழுதுக.