விடை தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளை

(பண்ருட்டி ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்)

 

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை சபையில் விடுகதை போல ஒரு கேள்வி கேட்டார்கள். இலை உதிராத மரம் ஒன்று உண்டு, அது முஸ்லிமுக்கு ஒப்பானது, அது எது என்று. தோழர்களின் எண்ணம் காட்டு மரங்களின் பக்கம் போனது. அங்கே இருந்த சிறுவர் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கோ, அது பேரீச்ச மரம் என்று மனதில் பட்டுவிட்டது. ஆனால் பெரியவர்கள் இருக்கிறார்களே என்ற வெட்கத்தில் சொல்லவில்லை. பிறகு நபியவர்களே விடையைச் சொன்னார்கள்.

அவர் பின்னர் தந்தையிடம் இதைச் சொன்னபோது உமர் (ரலி) என்ன செய்தார்கள்? ஏன் ஊமையாக உட்கார்ந்தாய் என்று அதட்டவில்லை. நீ சொல்லியிருந்தால் இன்னின்ன செல்வத்தை விட எனக்கு அது பிரியமாக இருந்திருக்கும் என்றார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி.

நம்ம ஊர்ப் பிள்ளையிடம் பண்ருட்டிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மரம் எது என்று தெருவில் கேளுங்கள், பலா என்று கத்திச் சொல்லும். அதே பிள்ளை ஒண்ணாங் கிளாஸில் டீச்சர் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறது. தப்பாகச் சொன்னால் என்ன நடக்கும் என்று அதற்கு இன்னும் தெரியவில்லை. வீட்டில் நடப்பதை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார், எப்படி வாசிக்குது!" என்று நாம் சொல்கிறோமே, அதை வைத்து.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், தமிழக அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. 2025க்குள் 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பொருள் புரிந்து வாசிக்கவும், அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றல் நிலைப்படி உட்கார வைக்கிறார்கள். மூணாம் கிளாஸ் பிள்ளை அரும்பில் இருப்பதாகக் கேட்டதும் சில அத்தாமார்களுக்கு மானம் போன மாதிரி ஆகிவிடுகிறது. அரும்பு என்பது பட்டமல்ல. எங்கிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸை நினைத்துப் பாருங்கள். குர்ஆனைத் திக்கித் திணறி, சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி என்றார்கள் நபியவர்கள். திக்குவதற்குக் கூலி தருகிறான் ரப்பு. நாம் தலையில் குட்டுகிறோம். (இது மக்தபில் பிரம்பு வைத்திருக்கும் உஸ்தாதுகளுக்கும் சேர்த்துத்தான்!)

இன்று இஷா தொழுதுவிட்டு வீட்டுக்குப் போனதும் பத்து நிமிடம் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு சொல்லில் நின்றால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருங்கள். தானாகக் கூட்டிப் படித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்த நேரம் உமர் (ரலி) மகனிடம் சொன்னதை, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனால், எத்தனையாவது ரேங்க் என்று டீச்சரிடம் கேட்க வேண்டாம். ஜூனில் எந்த நிலையில் இருந்தான், இப்போது எந்த நிலை, வகுப்பில் கை தூக்குகிறானா என்று கேளுங்கள்.