காலரா விஷமும் உப்புச் சர்க்கரை நீரும்



உப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு பொட்டலம் மிக அற்பமான காணிக்கையாகத் தோன்றலாம். அது உடலுக்குள் என்ன செய்கிறது என்பதே நம்முடைய இம்மாதப் பாடம்.

காலரா பழங்காலத்து வியாதி என்று எண்ண வேண்டாம். 2022 ஜூலையில் காவிரிக் கடைமடையான காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவியது. சிலருக்குக் காலரா உறுதியாயிற்று. புதுச்சேரி அரசு அங்கே பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது.

கிருமியும் விஷமும்

1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தார். அது எவ்வாறு கொல்கிறது என்பது மேலும் 75 ஆண்டுகள் தெளிவாகவில்லை. 1959இல் அதே நகரத்து டாக்டர் சம்பு நாத் டே, கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத நீரை முயலின் குடலில் செலுத்தினார். அப்போதும் குடலில் நீர் பெருகியது. கேடு செய்வது கிருமி வெளியிடும் விஷமே என்று விளங்கிற்று.

உறுப்புகளுக்கு நேர்வது

நம் வயல்களில் மதகைத் திறந்தபடியே விட்டுவிட்டால் என்ன ஆகும்? சிறுகுடலின் உட்சுவரிலும் உப்பை வெளியே விடும் மதகுகள் உண்டு. காலரா விஷம் உயிரணுவில் ஒட்டி, அதன் ஒரு பகுதி உள்ளே நுழைந்து, அந்த மதகை மூடவிடாமல் செய்கிறது. உப்பு வெளியேற, நீரும் பின்தொடர்கிறது. வியாதி கடுமையானால் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போய்விடும்.

தொண்டை அடைப்பான் கிருமியின் விஷம் இரத்தத்தில் கலந்து இதயத் தசையையே தாக்கும். காலரா விஷமோ குடலை விட்டு நகர்வதில்லை, குடலைப் புண்ணாக்குவதுமில்லை. ஆனாலும் நீர் வற்றுவதால் இரத்த ஓட்டம் குறைந்து சிறுநீரகம் நின்றுபோகிறது. பொட்டாசியம் இழப்பால் இதயத் துடிப்பு தடுமாறுகிறது. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது.

விஷம் மூடாத வழி

சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் அவற்றை உள்ளிழுக்கும் வேறொரு வாசல் குடலில் உண்டு. விஷம் அதைத் தொடுவதில்லை. உப்பு அவ்வழியே உள்ளே போக, நீரும் கூடவே போகிறது. வெறும் தண்ணீர் மட்டும் போதாததற்குக் காரணம் இதுவே.

1971இல் வங்காளதேசப் போரில் தப்பி, எல்லையோர போங்காவ் முகாமுக்கு வந்த அகதிகளிடையே காலரா பரவியது. ஊசிவழி ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். உறவினரே தம்ளர் தம்ளராகப் புகட்டினார்கள். 100க்கு 30ஆக இருந்த சாவு, 4க்கும் கீழே குறைந்தது.

வீட்டில் செய்ய

பொட்டலம் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு கலந்து, சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சிறுநீர் வராவிட்டாலும், மயக்கம் கண்டாலும், குடித்ததெல்லாம் வாந்தியானாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். கடும் காலராவைக் கவனிக்காமல் விட்டால் பாதிப்பேர் வரை மடியக்கூடும். தக்க சமயத்தில் சிகிச்சை கிடைத்தால் நூற்றில் ஒருவர்கூட இறப்பதில்லை.

எளியவருக்குக் கொடுக்கும் ஒரு கிண்ணம் நீரையும் நம் ஆண்டவர் மறப்பதில்லை. நீங்கள் அனுப்பும் சிறு காணிக்கையையும் நாங்கள் அவ்வாறே எண்ணிப் பெற்றுக்கொள்கிறோம்.

உங்கள் ஜெபங்களை நாடும்,
மருத்துவமனைப் போதகர்