பழைய புல்லட்டா? பெயின்ட் கடைசியில்

1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது; அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் இருந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் வந்த வண்டி 350 சிசி புல்லட். வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இதைப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது “என்ன கலர் அடிக்கலாம்?” என்றுதான். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது. புல்லட்டின் ஃபிரேம் அடிப்பக்கம் திறந்தே இருக்கும். முன்குழாய் இன்ஜினோடு நின்றுவிடும்; அங்கிருந்து பின்பக்கம்வரை சுமையைத் தாங்குவது இன்ஜினும் கியர்பாக்ஸும் அவற்றைப் பிடித்திருக்கும் பிளேட்டுகளும்தான். அதனால் ஃபிரேமில் ஒரு கோணல் இருந்தால் மொத்த வண்டியும் அதைச் சொல்லும்.

செய்ய வேண்டியவை

• ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஆர்.சி. புக்கை எடுங்கள். சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டும் வண்டியில் இருப்பதோடு பொருந்த வேண்டும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 50 வயது தாண்டி, அசல் வடிவம் கெடாமல் இருக்கும் வண்டிகளுக்கு 2021-இல் தனி விதி வந்தது: ‘விஏ’ எழுத்துகளோடு எண், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அந்த எண்ணில் தினமும் ஆபீசுக்குப் போக முடியாது. ஓட்டத்தான் வேண்டும் என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

• கழற்றும்போதே படம் எடுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம், கேபிள் எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் மறந்துவிடும்.

• ஃபிரேமை வெற்று இரும்பாக்கிய பிறகுதான் தீர்ப்பு. ஸ்டாண்ட் மாட்டும் இடம், ஸ்விங் ஆர்ம் ஊசி போகும் இடம், பிளேட்டுகள் உட்காரும் காதுகள், ஸ்டீயரிங் கழுத்து இந்த நான்கையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை மாதிரி துருக்கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் விரிசல். சந்தேகமென்றால் சாயம் ஊற்றிப் பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். சாயம் விரிசலுக்குள் இறங்கி, டெவலப்பர் அடித்ததும் சிவப்பாக வெளியே கசியும். பிறகு இரண்டு சக்கரத்தையும் மாட்டி, நூல் பிடித்து, ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

• பெயின்டுக்கு முன் முழு வண்டியையும் ஒருமுறை கோத்துப் பாருங்கள். யாருக்கும் பிடிக்காத வேலைதான். ஆனால் புதிதாக வாங்கிய மட்கார்டின் ஓட்டை கால் அங்குலம் தள்ளியிருப்பது இப்போது தெரிந்தால் ஃபைல் போதும். பெயின்ட் அடித்த பிறகு தெரிந்தால் கண்ணீர்தான்.

• ஃபிரேமை மணல் பிளாஸ்டிங்குக்கு அனுப்பும்முன் மரைகளில் பழைய போல்ட்டைத் திருகி அடையுங்கள். கோன் செட் கிண்ணங்கள் உட்காரும் இடம், சேசிஸ் எண், எர்த் ஒயர் மாட்டும் இடம் எல்லாவற்றையும் மூடச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் குழாய்களுக்குள் மணல் தங்காமல் காற்றடித்து எடுங்கள்.

• அன்றைக்கே பிரைமர். கடலோர ஊர்க் காற்றில் வெற்று இரும்பு சில மணி நேரத்திலேயே செம்மை தட்டும். எபாக்சி பிரைமரே நல்லது.

பவுடர் கோட்டிங்கா, பெயின்டா என்ற பட்டிமன்றத்தில் நான் பெயின்ட் கட்சி. பவுடரை 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் வேக வைக்கிறார்கள். சாதாரண பட்டி அந்தச் சூட்டைத் தாங்காது. பூச்சும் தடிமன், பிளேட்டுகள் இரும்போடு இரும்பாக உட்கார வேண்டிய இடத்தில் அது தொல்லை. ஓரிடத்தில் கல் பட்டுத் தெறித்தால் தண்ணீர் உள்ளே போய் அடியிலேயே துரு பரவும்; அந்த இடத்தை மட்டும் சரிசெய்வதும் கடினம். ஸ்டாண்டுக்கும் கேரியருக்கும் பவுடர் இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

• காலி டேங்க்தானே என்று வெல்டிங் வைக்காதீர்கள். பெட்ரோலைவிட ஆபத்து அதன் ஆவி. பல மாதம் காய்ந்த டேங்கும் வெடிக்கும். உள்ளே துரு மட்டும் என்றால் சிட்ரிக் அமிலக் கரைசலை ஊற்றி ஊறவைத்து, நன்றாகக் கழுவி, உடனே காயவையுங்கள்.

• விரிசல்மேல் பட்டி வைக்காதீர்கள். ஃபிரேம் இணைப்பைத் தேய்க்கும்போது மஞ்சளாகத் தெரிந்தால் அது பித்தளை வைத்து ஒட்டியது. அதன்மேல் ஆர்க் வெல்டிங் வைத்தால் பித்தளை கலந்து பற்று பிளந்துபோகும். விஷயம் தெரிந்தவரிடம் கேஸ் பிரேசிங்குக்குக் கொடுங்கள்.

• இன்ஜின் உறைகளை மணல் பிளாஸ்டிங்குக்கு அனுப்பாதீர்கள். எண்ணெய்த் துளையில் ஒளிந்திருக்கும் ஒரு சிட்டிகை மணல் பேரிங்கைத் தின்றுவிடும்.

• பிரேக் டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம். பழைய பிரைமரில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டே தேயுங்கள்.

• கைக்குட்டை கட்டிக்கொண்டு 2கே பெயின்ட் அடிக்காதீர்கள். அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கும். துணியோ தூசு மாஸ்க்கோ அதைத் தடுக்காது. வெளிக்காற்று வரும் மாஸ்க் இல்லையென்றால் பூத் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

• சேசிஸ் எண்மேல் கிரைண்டர் படக்கூடாது. ஆர்.சி.யில் உள்ள நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும்.

• டேங்கில் பழைய கோடுகள் பிழைத்திருந்தால் அழிக்காதீர்கள். திருவொற்றியூரில் அவற்றைத் தூரிகையால், கைப்படப் போட்டார்கள். மங்கியிருந்தாலும் பாலிஷ் போட்டு விடுங்கள். ஸ்டிக்கர் அதற்கு ஈடில்லை.

• முடித்த கையோடு ஏலகிரிக்குக் கிளம்பாதீர்கள். ஊருக்குள் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இன்ஜின் பிளேட் போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். புதுப் பெயின்ட் அழுந்தும். அதனால் போல்ட்டுகள் நிச்சயம் தளர்ந்திருக்கும்.