நாணற் காட்டின் சின்னஞ்சிறு பாடகன்

காற்றுக்கு வளைந்து கொடுக்கும் நாணல் புயலிலும் முறிவதில்லை என்று கீழ் வகுப்பில் கதையாகப் படித்திருக்கிறோம். அந்த நாணலையே நம்பிக் குடும்பம் நடத்தும் பறவை ஒன்று உண்டு. அதுதான் நாணல் கதிர்க்குருவி.

ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களில் கோடையைக் கழிக்கும் இக்குருவியின் எடை ஏறத்தாழ 12 கிராம்தான். பழுப்பு நிறம், பார்வைக்கு மிக எளிமையானது. ஆனால் ஆண் குருவி விடியலில் பாடத் தொடங்கினால் நாணற்காடே கலகலக்கும். பூச்சிகளும் சிலந்திகளும் இதன் உணவு. குளிர்காலம் வருமுன் சகாராப் பாலைவனத்தையும் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் பறந்துவிடும். வசந்தத்தில் திரும்பி வரும்.

பெண் குருவி சில நாணல் தண்டுகளைச் சேர்த்துப் புல்லால் பின்னி, தண்ணீருக்கு மேலே ஆழமான கிண்ணம்போலக் கூடு கட்டுகிறது. தண்டுகள் காற்றில் சாய்ந்தாடினாலும் முட்டைகள் உருண்டு விழுவதில்லை. கூட்டின் ஆழமே அதற்குக் காரணம்.

இக்குருவிக்கு ஒரு பெரும் பகை உண்டு. நம் ஊர்க் குயில் காக்கையை ஏமாற்றுவதுபோல, ஐரோப்பியக் குயில் இக்கூட்டில் ஒரு முட்டையை எடுத்துவிட்டுத் தன் முட்டையை இடுகிறது. கண் திறவாத குயில் குஞ்சு மற்ற முட்டைகளை முதுகில் ஏற்றி வெளியே தள்ளிவிடுகிறது! ஒரு சிறு குருவியின் கூட்டில் இச்செயலைக் கண்டு 1788-இல் எழுதியவர் யார் தெரியுமா? பின்னாளில் அம்மைத் தடுப்பு முறையைத் தந்த எட்வர்டு ஜென்னரே. ஆயினும் குருவி ஏமாளி அன்று. வேறுபட்ட முட்டையைக் கண்டுகொண்டால் பல சமயம் வெளியே எறிந்துவிடும். அதனால்தான் குயிலின் முட்டையும் குருவியின் முட்டையைப் போலவே நிறம் கொண்டிருக்கிறது.

குயிலைவிடப் பெரிய ஆபத்து மனிதனால் வருகிறது. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் இருந்த பரந்த சதுப்பு நிலங்களில் பெரும்பகுதி, 17-ஆம் நூற்றாண்டு முதல் நீர் வடிக்கப்பட்டு வயல்களாயிற்று. எஞ்சியவற்றுள் ஒன்றான விக்கன் சதுப்பு நிலத்தின் ஒரு சிறு பகுதியை 1899-இல் தேசிய அறக்கட்டளை விலைக்கு வாங்கிக் காக்கத் தொடங்கியது. நாணலை வெட்டுவதே பாவம் என்பதில்லை. குருவி இல்லாத குளிர்காலத்தில் அளவாக வெட்டினால் அது மீண்டும் தழைக்கும். பல்லாண்டு வெட்டாமலே விட்டால் புதர் மண்டி நிலம் உலர்ந்துபோகும்.

தோழியரே, இதன் உறவினமான பெரிய நாணல் கதிர்க்குருவி நம் நாட்டு நீர்நிலைகளிலும் வாழ்கிறது. ஏரிக்கரை நாணலை வெறும் களை என்று எண்ணிக் குப்பை கொட்டுமுன், அது இறைவன் ஒரு சிற்றுயிருக்குத் தந்த வீடு என்பதை நினைப்போம்.