நீல விளக்கு அணைந்த பிறகு

ஜப்பானிலிருந்து வந்த சின்னக் கார்கள் பலவற்றில், எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் வெப்பமானி வடிவில் ஒரு நீல விளக்கு எரியும். எஞ்சின் இன்னும் சூடேறவில்லை, சற்றுப் பதமாக ஓட்டு என்பது அதன் பொருள். ஹொக்கைடோவின் பனிக்காலத்தில் அது பல நிமிடம் எரிந்துகொண்டிருக்கும். புத்தளத்தில் ஜனவரி அதிகாலையிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பாலாவிச் சந்தியில் காரை எடுத்தால், கற்பிட்டி வீதியில் ஓரிரு கிலோமீற்றர் போவதற்குள் நீலம் அணைந்துவிடும். புதிதாக ஓட்டப் பழகும் பலர் இதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: இது குளிர் நாட்டுக்குச் செய்த வண்டி, இதன் எச்சரிக்கைகளில் பாதி நமக்குப் பொருந்தாது, கூலன்ட்டும் தண்ணீர் உறையாமலிருக்கப் போடும் சாமான்தான், நமக்குக் கிணற்றுத் தண்ணீரே காணும். இந்த முடிவு பிழை என்பதுதான் என் வாதம். குளிருக்கென்று அந்த வண்டியில் வைத்த ஒவ்வொன்றுக்கும் இந்த வெக்கைக் கரையில் வேறொரு வேலை இருக்கிறது. அதை அறியாமல் ஓட்டுகிறவர், மீற்றர் பலகையில் தனக்கு மிகவும் தேவையான சிவப்பு வெப்ப விளக்கையே உதவாததாக்கிவிடுகிறார்.

முதலில் கூலன்ட். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் பூச்சியத்துக்குக் கீழே 35 பாகை வரை உறையாது. அந்தக் குணம் நமக்கு வேண்டாம். ஆனால் அதே கலவை 108 பாகை அளவில்தான் கொதிக்கும். றேடியேற்றர் மூடி தாங்கும் அமுக்கமும் சேர்ந்தால் 120 பாகையையும் தாண்டும். எஞ்சின் சாதாரணமாகவே 90 பாகையை ஒட்டி ஓடுகிறது. மத்தியான வெயிலில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு சிலாபம் நெரிசலில் நகர முடியாமல் நிற்கும் காருக்கு அந்த இடைவெளிதான் காவல். மூன்றாவது குணம் துருத் தடுப்பு. அதைத்தான் நம் ஊர்க்காரர் முதலில் நினைக்க வேண்டும், ஏனென்றால் நம் தண்ணீர் சாதாரணத் தண்ணீர் அல்ல. பாலாவிச் சீமெந்து ஆலைக்கு அருவக்காலுவில் சுண்ணக்கல் தோண்டுகிறார்கள். அந்தச் சுண்ணக்கல் பூமியின் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கற்பிட்டி மணற்பக்கம் போனால் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அதிகம் இறைத்தால் உவர் ஏறும். சுண்ணாம்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: தண்ணீர் சூடேறச் சூடேற அது கரைந்திருக்காமல் படியத் தொடங்கும். கேத்தலின் அடியில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டுகிறதே, அதே படிவுதான் எஞ்சினுக்குள்ளும் சூடு மிகுந்த இடம் பார்த்து, சிலிண்டர் ஹெட்டின் ஒடுங்கிய வழிகளில் ஒட்டுகிறது. சூட்டை வெளியே எடுக்க வேண்டிய சுவரை அது போர்த்து மூடிவிடுகிறது. உவரில் இருக்கும் குளோரைட்டு அலுமினியத்தை அரிக்கிறது.

இதற்கு வரும் மறுப்பு எனக்குத் தெரியும். பழைய லொறிகளும் பஸ்களும் வெறும் தண்ணீரோடு எத்தனையோ வருடம் ஓடவில்லையா? ஓடின. அவற்றின் எஞ்சின் கனத்த வார்ப்பிரும்பு, றேடியேற்றர் பெரியது, சாரதி தரிப்பிடம்தோறும் மூடியைத் திறந்து பார்த்தார். இன்றைய சின்னக் காரில் ஹெட் அலுமினியம், றேடியேற்றரின் குழாய்கள் மெல்லியவை, பொனற்றைத் திறந்து பார்க்கும் பழக்கமும் போய்விட்டது. சூட்டை ஏந்திச் செல்வதில் தண்ணீர் கூலன்ட்டைவிடக் கொஞ்சம் மேல் என்று சொல்பவர்களும் உண்டு. அது உண்மைதான். ஆனால் அந்தச் சிறு இலாபம் படிவும் அரிப்பும் தொடங்கியதும் தொலைந்துவிடும். செலவைப் பார்த்தால், ஒரு ஹெட் காஸ்கட் வேலைக்குக் கராஜில் கொடுப்பது எத்தனை போத்தல் கூலன்ட்டுக்குச் சமம் என்று எந்த மெக்கானிக்கிடமும் கேட்டுப் பார்க்கலாம். வழியில் அவசரமாக ஊற்ற வேண்டியிருந்தால் கிணற்றுத் தண்ணீரைவிட ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. பிறகு அதை இறக்கிவிட்டு முறையான கலவையை நிரப்புங்கள். வேறு வேறு நிறக் கூலன்ட்டுகளைக் கலக்க வேண்டாம்.

அடுத்தது தெர்மோஸ்டற். எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை றேடியேற்றருக்குப் போகவிடாமல் தடுத்து, 80 பாகை தாண்டியதும் திறந்துவிடும் சிறு கதவு அது. வெக்கையான ஊருக்கு இது எதற்கு என்று கழற்றி எறிந்துவிடும் வழக்கம் சில கராஜ்களில் இருக்கிறது. கழற்றினால் எஞ்சின் தன் சரியான சூட்டை அடைய நேரமாகும், பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும், உள்பாகங்கள் சீக்கிரம் தேயும். அதைக் காட்டிக்கொடுப்பது அந்த நீல விளக்குத்தான். புத்தளம் வெயிலில் பத்து நிமிடம் ஓடியும் நீலம் அணையவில்லை என்றால், தெர்மோஸ்டற் திறந்தபடி சிக்கியிருக்கலாம், அல்லது யாரோ கழற்றியிருக்கலாம். நமக்கு உதவாது என்று நினைத்த விளக்கு இங்கே ஒரு பழுதைச் சொல்லும் விளக்காகிவிடுகிறது. நுவரெலியாவுக்கு டிசம்பரில் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: அங்கே விடியற்காலையில் 10 பாகைக்கும் கீழே இறங்கலாம், நீலம் சற்று நீண்டு எரிவது இயல்பு. அதற்காக நின்ற இடத்திலேயே எஞ்சினை உறுமவிட்டுச் சூடாக்கத் தேவையில்லை; மெதுவாக ஓட்டிப் போனாலே போதும்.

சிவப்பு வெப்ப விளக்கைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். முள் உள்ள மீற்றர் என்றால் சூடு ஏறிவருவது கண்ணுக்குத் தெரியும். நீலமும் சிவப்பும் மட்டுமுள்ள கார்களில், நீலம் அணைந்தது முதல் சிவப்பு எரியும்வரை மீற்றர் பலகை மௌனமாக இருக்கும். சிவப்பு எரியும்போது ஆபத்து வந்து சேர்ந்துவிட்டது. இன்னும் மோசமானது ஒன்று உண்டு. சூட்டை அளக்கும் சென்சர் கூலன்ட்டுக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். குழாய் வெடித்துக் கூலன்ட் முழுவதும் கொட்டிவிட்டால், சென்சர் வெறும் காற்றில் நின்று பிழையான கணக்குச் சொல்லலாம். எஞ்சின் வேகும்போதும் சிவப்பு எரியாமல் போகலாம். ஆகவே கூலன்ட்டைக் கவனிக்காதவர் அந்த விளக்கை நம்ப முடியாது. எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் பொனற்றைத் திறந்து, ரிசேர்வ் டாங்கியில் மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா, நிறம் தெளிவாக இருக்கிறதா, துருக் கலங்கலா, குழாய்ப் பட்டியைச் சுற்றி வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ காய்ந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே றேடியேற்றர் முகத்தையும் பாருங்கள். மே முதல் கற்பிட்டிப் பக்கம் வீசும் தென்மேல் காற்று மணலையும் உப்பையும் கொண்டுவந்து அதன் தகடுகளில் அப்புகிறது. மின்விசிறியின் வயர் முனைகளும் அதே உப்பில் பச்சை பூத்துப் போகும்.

சிவப்பு எரிந்துவிட்டால் ஏ.சி.யை நிறுத்தி, நான்கு பக்கச் சைகை விளக்கையும் போட்டு, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ஆவி வந்தால் பொனற்றைத் திறக்க வேண்டாம். அரை மணி நேரத்துக்காவது மூடியில் கை வைக்க வேண்டாம். அமுக்கத்தில் அடைபட்ட திரவம் மூடி தளர்ந்த கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். கொதிக்கும் எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் உலோகம் வெடிக்கலாம். முள் உள்ள காரில், முள் ஏறத் தொடங்கிய நிலையிலேயே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு: இந்தக் கரையில் யாரும் தொடாத ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, காற்றை முழு வேகத்தில் விடுங்கள். ஹீற்றர் என்பது உள்ளே இருக்கும் இன்னொரு சிறு றேடியேற்றர். எஞ்சினின் சூட்டை அது இழுத்து வெளியே விடும். எஞ்சின் கொதிக்கும்போது அதிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால், கூலன்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு உடனே நிறுத்துங்கள்.

மற்ற விளக்குகளுக்கு நிறமே விளக்கம். சிவப்பு என்றால் இப்போதே, மஞ்சள் என்றால் விரைவில், பச்சையும் நீலமும் தகவல். இந்த நிற ஒழுங்கு சர்வதேச அளவிலானது. ஜப்பானிய எழுத்தில் வரும் செய்தியை வாசிக்கத் தெரியாதவருக்கும் அது போதும். எண்ணெய்க் குடுவை வடிவச் சிவப்பு, எண்ணெயின் அமுக்கம் விழுந்துவிட்டது என்கிறது; அடுத்த சேர்விஸ்வரை பொறுக்கும் விஷயமல்ல. பற்றரி வடிவச் சிவப்பு, பற்றரி பழசு என்று சொல்லவில்லை, அது சார்ஜ் ஆகவில்லை என்கிறது. ஏ.பி.எஸ். மஞ்சள் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஆனால் ஈர வீதியில் சில்லு இறுகிப்போகலாம். சில்லருகே இருக்கும் சென்சர்கள் உப்புக் காற்றில் அரிப்பது இதற்கு ஒரு காரணம். வெள்ளத்துக்கு மட்டும் விளக்கே இல்லை. காலா ஓயா பெருகி எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்தை மூடும்போது, தண்ணீரின் ஆழத்தை எந்தப் பலகையும் சொல்லாது.

சிவப்பு எரிந்தால் நிறுத்து என்று சொல்வது எளிது, இரவில் அனுராதபுரம் வீதியில் கருவலகஸ்வெவக் காட்டோரம் யானை நிற்கும் இடத்தில் எப்படி நிறுத்துவது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. யானை முன்னால் நின்றால் எஞ்சின் போனாலும் போகட்டும் என்று விலகிப் போகத்தான் வேண்டும். அதனால்தான் அந்த வீதியில் இரவில் போகிறவர், புத்தளம் நகரை விட்டுப் புறப்படும் முன் பொனற்றைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.

‘சென்சர் பிழை, கவலைப்படாதே’ என்று சொல்லி விளக்கையே துண்டித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. விளக்கு துண்டிக்கப்பட்ட காரும் அவற்றில் இருக்கலாம். ஆகவே பழைய காரொன்றை வாங்கப் போகிறவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ‘ON’ நிலைக்குத் திருப்பிப் பார்க்கட்டும். பொத்தான் உள்ள காரில் பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் பெரும்பாலும் அதே நிலை வரும். எண்ணெய் விளக்கும் பற்றரி விளக்கும் எஞ்சின் விளக்கும் எரிந்து நிற்க வேண்டும். ஏ.பி.எஸ்., எயார்பாக் விளக்குகள் சில நொடி எரிந்து அணைய வேண்டும். ஹைபிரிட் கார்களில் எண்ணெய், பற்றரி விளக்குகள் மாதிரிக்கு மாதிரி மாறும், அதற்குக் கைநூலைப் பார்க்கலாம். எரிய வேண்டியது எரியவில்லை என்றால், அது ஏன் என்று தெரியும்வரை விலை பேச வேண்டாம்.