ஓடாத டுகாட்டிக்கும் வயதாகும்

‘பெல்ட் வண்டி’ என்று சொன்னால் எந்த பெல்ட் என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஸ்கூட்டரின் பக்கவாட்டு கவருக்குள் ஒன்று ஓடுகிறது. ஹார்லியின் பின்சக்கரத்தைச் சுற்றுவது இன்னொன்று. இந்த இரண்டும் அறுந்தால் வண்டி நின்றுவிடும். ஆள் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்ச் சேரலாம். மூன்றாவது, எஞ்சினின் கேம் ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட். ஓடும்போது அது அறுந்தாலோ, சில பற்கள் தாண்டி விழுந்தாலோ, திறந்தபடி நிற்கும் வால்வில் பிஸ்டன் வந்து மோதும். வால்வு வளையும், கைடு உடையும், அடி பலமாக இருந்தால் பிஸ்டனும் போகும். ஹெட்டைக் கழற்றாமல் தீராத வேலை அது.

ஸ்ப்ளெண்டர், பல்சர் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவற்றில் இருப்பது டைமிங் செயின். எண்ணெயில் குளித்தபடி ஓடுவது. தேய்ந்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததுமே கடகடவென்று சொல்லிவிடும். அப்போது டென்ஷனரைப் பாருங்கள். பாதிப் புகார்கள் அதிலேயே முடிந்துவிடும். செயின் சத்தம் போட்டு எச்சரிக்கும். பெல்ட் அப்படிச் செய்யாது. நேற்றுவரை அமைதியாக ஓடிய பெல்ட் இன்றும் அமைதியாகவே அறுந்துபோகும். அதனால்தான் அதற்கு கெடு வைத்து மாற்றுகிறோம்.

பெல்ட் உள்ள வண்டிகள் அதிகமில்லை. ஹோண்டாவின் கோல்ட் விங் 1975-இல் வந்தபோது பெல்ட்டோடுதான் வந்தது. 2001-இன் 1800 சிசி மாடலில் செயினுக்கு மாறியது. டுகாட்டியில் ஃபாபியோ டாக்லியோனி வடிவமைத்த பான்டா எஞ்சின்தான் தொடக்கம். 1970-களின் இறுதியில் வந்த அந்த எஞ்சின், அதுவரை இருந்த தண்டும் பெவல் கியரும் கொண்ட விலையுயர்ந்த ஏற்பாட்டைத் தூக்கிவிட்டுப் பல் வைத்த ரப்பர் பெல்ட்டைப் போட்டது. சத்தம் குறைந்தது, செலவும் குறைந்தது. 2012-இன் 1199 பனிகாலேயில் செயின் வந்தாலும், நம் சாலைகளில் தென்படும் ஸ்க்ராம்ப்ளர் 800, மான்ஸ்டர் 821, மான்ஸ்டர் 937 எல்லாம் பெல்ட் வண்டிகள்தான். சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு பெல்ட். மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எப்போது மாற்றுவது? பழைய மாடல்களின் கையேட்டில் 2 ஆண்டு அல்லது 20,000 கி.மீ. என்றிருக்கும். பின்னால் வந்த பல மாடல்களில் இது 5 ஆண்டுவரை நீண்டது. கிலோமீட்டர் 24,000, 30,000 என்று மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. ஆனால் அதில் ‘எது முந்துகிறதோ அது’ என்று இருப்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஈசிஆரில் போய்த் திரும்புகிறவருக்கு 5 ஆண்டில் 8,000 கி.மீ. ஓடியிருந்தால் அதிகம். அவரைப் பொறுத்தவரை மீட்டரை மறந்துவிட்டு நாட்காட்டியைப் பார்ப்பதே சரி. ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் சும்மா இருந்தாலும் மூப்படையும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பெல்ட் சின்ன உருளைகளைச் சுற்றி வளைந்தபடியே கிடந்து, அந்த வளைவைப் பழகிக்கொள்ளும். மாறாக, ஆண்டுக்கு 12,000 கி.மீ. சுற்றுகிறவருக்கு கிலோமீட்டர்தான் முதலில் வந்து நிற்கும். அவர் மீட்டரைப் பார்த்தால் போதும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ‘ஆறு வருஷ வண்டி சார், ஒன்பதாயிரம்தான் ஓடியிருக்கு, ஷோரூம் கண்டிஷன்’ என்பதைக் கேட்டதும் வாய் ஊறும். பெல்ட் மாற்றியதற்கு பில் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். என்னைக் கேட்டால், 25,000 கி.மீ. ஓடி, பில்களைக் கோப்பில் வரிசையாக வைத்திருப்பவரின் வண்டியைத்தான் எடுப்பேன்.

அடுத்து, பெல்ட்டை மட்டும் மாற்றுவதா, டெஸ்மோ சர்வீஸ் முழுவதையும் செய்வதா? டுகாட்டியில் வால்வைத் திறப்பது போலவே மூடுவதற்கும் ராக்கர் உண்டு; டெஸ்மோ என்பது இந்த ஏற்பாட்டைத்தான். அதனால் வால்வு இடைவெளி பார்ப்பது நீண்ட வேலை. அதற்கான கிலோமீட்டர் நெருங்கியிருந்தால் இரண்டையும் ஒன்றாக முடித்துவிடுங்கள். பிரித்த கூலி ஒருமுறையோடு போகும். ஆண்டுக் கெடு மட்டும் முடிந்திருந்தால் பெல்ட் போதும். முழு சர்வீஸையும் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லலாம்.

கம்பெனி பெல்ட்டா, வெளி பெல்ட்டா? வெளியில் கிடைப்பதெல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். உங்கள் மாடலுக்கென்றே, பெயர் தெரிந்த பெல்ட் நிறுவனம் செய்ததென்றால் துணிந்து போடலாம். ‘அளவு பொருந்துது’ என்று யாராவது கார் பெல்ட்டை நீட்டினால் மட்டும் வாங்காதீர்கள். அகலமும் பல் இடைவெளியும் ஒன்றாக இருந்தாலும் பல்லின் வடிவம் வேறாக இருக்கலாம். கம்பெனி பெல்ட்டே ஆனாலும் தயாரித்த தேதியைப் பாருங்கள். நான்கு ஆண்டு அலமாரியில் கிடந்ததும் பழையதுதான்.

நீங்களே மாற்றலாமா என்றால், இரண்டு வால்வு ஏர்கூல்டு எஞ்சினில் பொறுமைசாலிக்கு முடியும். நான்கு வால்வு எஞ்சினில் பெல்ட்டை எடுத்ததும் கேம் தானாகச் சட்டென்று திரும்பக்கூடும். முதல் தடவைக்காரர் அதில் கைவைக்காமல் இருப்பதே மேல். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கியரில் போட்டு, பின்சக்கரத்தைத் திருப்பிக் குறிகளை நேராக்குங்கள். டென்ஷனர் உருளையை விரலால் சுழற்றிப் பாருங்கள்: மணல் உரசுவது போல் கரகரத்தால் அதையும் மாற்றுங்கள். பழைய பெல்ட்டைப் பின்பக்கமாக வளைத்தால் பல்லின் அடியில் விரிசல் இருந்தால் தெரியும். எண்ணெய்ப் பசை இருந்தால் கசிவை அடைக்காமல் புதியதைப் போடாதீர்கள்.

இழுவிசைதான் கை பதறும் இடம். சர்வீஸ் சென்டரில் பெல்ட்டைத் தட்டி அதன் அதிர்வை ஹெர்ட்ஸில் அளக்கிறார்கள். அதே வேலையை வீட்டில் கிதார் ட்யூனர் ஆப் போட்ட கைபேசியை வைத்துச் செய்கிறவர்கள் உண்டு. சுற்றிலும் சத்தம் இல்லையென்றால் நன்றாகவே வேலை செய்யும். இரண்டு வால்வு எஞ்சினில் பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவே 5 எம்எம் ஆலன் கீ இறுக்கமாக நுழைந்து, 6 எம்எம் நுழையாமல் நின்றால் சரி என்பது பழைய வழி. அவசரத்துக்கு அது போதும், ஆனால் எண்ணைக் காட்டும் முறையையே நான் நம்புவேன். அதிக இறுக்கம் பேரிங்கைத் தின்னும்; தளர்ச்சி பல் தாண்ட விடும்.

மாட்டியதும் செல்ஃப் ஸ்டார்ட்டைத் தொடாதீர்கள். கையால் எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒன்று சுற்றும், குறிகள் மீண்டும் பழைய இடத்துக்கு வர வேண்டும். எங்காவது முட்டினால் அழுத்தாமல் நிறுத்திவிட்டு மறுபடி தொடக்கத்திலிருந்து பாருங்கள். அழகுக்காக பெல்ட் கவரைத் திறந்துவிட்டு ஓட்டுவது சிலருக்குப் பிடிக்கும். பெல்ட்டுக்குள் ஒரு சின்ன ஜல்லி போதும், கவரைப் போட்டுவிடுங்கள். போடும் முன் அதன் உள்பக்கத்தில் தேதியையும் கிலோமீட்டரையும் பெயின்ட் பேனாவால் எழுதுங்கள். மெக்கானிக் செய்திருந்தால் பழைய பெல்ட் இரண்டையும் கையில் கேட்டு வாங்கிய பிறகு பில்லைக் கட்டுங்கள்.